விவசாயிக்குக் கால் இல்லையா?

சென்ற தை மாதத்தில் என் பெரியப்பா மகன் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார். என்னைவிடப் பதினைந்து வருஷம் மூத்தவர். சென்னையில் கௌரவமான உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபின் சிலர் தோட்டம் போடுவார்கள். சிலர் காசி ராமேசுவரம் போவார்கள். அண்ணன் குடும்ப வரலாறு எழுத ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, நம்ம குடும்பத்திலே நீ ஒருத்தன்தான் எழுத்தாளன். முன்னுரை நீதான் எழுதணும்" என்றார்.

வாங்கிப் பிரித்தேன். முதல் வாக்கியம் இப்படி இருந்தது: 'எங்கள் குடும்பம் ஆயிரம் ஆண்டுகளாக ஒரே மண்ணில் வேரூன்றி நிற்கும் விவசாயக் குடும்பம், எங்கள் முன்னோர்களில் எவரும் பிறந்த மண்ணை விட்டு அகன்றதில்லை.'

நோட்டை மூடி அண்ணன் கையில் திருப்பிக் கொடுத்தேன். முன்னுரை எழுத முடியாது என்று சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. நியாயம்தான். ஆனால் நான் ஏன் மறுத்தேன் என்பதை அவருக்கு மட்டும் சொன்னால் போதாது என்று தோன்றுகிறது. ஏனென்றால் அந்த முதல் வாக்கியம் அண்ணன் ஒருவருடைய சொத்து அல்ல. கல்யாண வீட்டு வாழ்த்துரையிலே, சினிமாவிலே, பட்டணத்து அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து கிராமத்தை நினைத்து உருகுகிறவர்களின் பேச்சிலே, எங்கே பார்த்தாலும் இந்த வாக்கியம்தான். 'விவசாயி மண்ணோடு மண்ணாக இருப்பவன். மண்ணை விட்டு நகராதவன்.'

என்னுடைய கதைகளிலும் அது இருக்கிறது. என் நாவல் ஒன்றில் வரும் தாத்தா, "செத்தாலும் இந்த வரப்பிலேதான் சாவேன்" என்று சொல்லிச் சாவார். அந்த இடத்தைப் படித்துவிட்டு அழுததாக எத்தனையோ பேர் கடிதம் எழுதினார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்று சொல்கிறேன்: அந்தத் தாத்தாவை நான் எங்கும் பார்த்ததில்லை. வாசகர்களுக்குப் பிடிக்கும் என்று செய்த பொம்மை அது. மரத்துக்குத்தான் வேர், விவசாயிக்குக் கால்.

ஆதாரம் கேட்கிறீர்களா? வெகுதூரம் போக வேண்டாம். உங்கள் குலதெய்வம் எங்கே இருக்கிறது?

எங்கள் ஊர் மேலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் குலதெய்வமோ கமுதிப் பக்கத்தில் ஒரு கண்மாய்க் கரையில் அய்யனாராக உட்கார்ந்திருக்கிறார். ஆயிரம் வருஷமாக மேலூர் மண்ணிலேயே வேரூன்றியவர்களுக்குக் கமுதியில் என்ன குலதெய்வம்? ஊரில் எங்கள் குடும்பத்தை இன்றைக்கும் 'தெக்கத்தியான் வீடு' என்றுதான் சொல்கிறார்கள். தெற்கே இருந்து வராதவனுக்குத் தெக்கத்தியான் என்று பெயர் வருமா? வேறு ஊருக்குப் போய்க் குடியேறுகிறவர்கள் பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போய்ப் புது ஊரில் பீடம் கட்டிக் கும்பிடுவது நம் பக்கத்து வழக்கம். அதற்குப் பிடிமண் கோயில் என்றே பெயர். நம் கிராமங்களில் எத்தனை பிடிமண் கோயில்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவ்வளவும் நடந்து வந்தவர்களின் சாட்சி. தெய்வமே இடம் பெயர்ந்திருக்கிறது, குடியானவன் மட்டும் பெயரவில்லையாம்!

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். இதை எனக்குச் சொன்னவள் என் அப்பத்தா. அவளுக்குச் சொன்னவள் அவளுடைய மாமியார். அந்த மாமியாருக்குச் சொன்னவள், தாது வருஷத்துப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்துப் பிழைத்திருந்த இன்னொரு மாமியார். எங்கள் வீட்டு வரலாறு இப்படி மருமகள்கள் வழியாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. மகன்கள் பட்டாவைப் பத்திரப்படுத்தினார்கள்; மருமகள்கள் கதையைப் பத்திரப்படுத்தினார்கள்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சம் அது. தாது வருஷத்தில் பிடித்ததால் தாது வருஷப் பஞ்சம். நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ஒரு நாள் கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877-இல் ரிச்சர்டு டெம்பிள் என்ற துரை வெட்டிக் குறைத்த காலம். ராமநாதபுரம் சீமையோ மழையை நம்பிய கண்மாய்ப் பூமி. கண்மாய் வறண்டால் எல்லாம் வறண்டது. அப்போது என் பூட்டனுடைய அப்பாவும், அவருக்கு இளைய தம்பியும் ஒரே குடிசையில் இருந்தார்கள். மாடுகள் செத்தன. விதைத் தானியத்தையும் தின்றாகிவிட்டது. அந்தச் சமயத்தில் கங்காணி ஒருவன் ஊருக்கு வந்தான். கண்டிச் சீமையிலே காப்பித் தோட்டத்தில் வேலை இருக்கிறது, முன்பணம் தருகிறேன் என்றான்.

தம்பி முன்பணத்தை வாங்கினார். வாங்கிய பணத்தை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு நடந்தார். கடற்கரை வரை நடை, மன்னாருக்குப் படகு, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு மறுபடியும் நடை. அந்த வழியில் செத்து விழுந்தவர்கள் அநேகம். அண்ணன் குடும்பம் அந்த முன்பணத்தில் கஞ்சி குடித்துப் பிழைத்தது. அந்தக் கஞ்சியில் பிழைத்த கைக்குழந்தைதான் என் பூட்டன்.

அதாவது, தம்பி பட்ட கடனில்தான் நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். தோட்டக் கூலிக்குக் கங்காணியின் முன்பணம் என்பது கடன். கடன் தீர்ந்தாலொழியத் தோட்டத்தை விட்டு வெளியேற முடியாது. காப்பிச் செடியை நோய் தின்று, அந்த இடத்தில் தேயிலை வந்தது. கடன் மட்டும் அப்படியே இருந்தது.

இங்கே அண்ணன் வழி என்ன ஆயிற்று? 1895-இல் பெரியாற்று அணை திறந்தார்கள். மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீரை மலையைக் குடைந்து வைகைக்குத் திருப்பினார்கள். மேலூர்ப் பக்கத்துப் புன்செய்கள் நன்செய் ஆயின. அந்தச் செய்தி தெற்கே எட்டியது. என் பூட்டன் ஒரு ஜோடி மாடும், ஒரு பிடி மண்ணும், கட்டிய பெண்டாட்டியுமாக வடக்கே வந்தார். முதலில் வாரத்துக்கு உழுதார். பிறகு ஒத்திக்குப் பிடித்தார். கடைசியில் சொந்தமாக வாங்கினார். எங்கள் குடும்பத்தின் பத்திரங்கள் அந்தக் கிரயத்தில்தான் தொடங்குகின்றன. அண்ணன் ஆயிரம் ஆண்டு என்று எழுதியது அதைத்தான். கணக்குப் பார்த்தால் நூற்றுச் சொச்சம் வருஷம்.

அண்ணனுடைய நோட்டில் இந்த நூற்றுச் சொச்சம் வருஷத்துப் பத்திரங்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, ஒன்றையும் அவர் விடவில்லை. பாராட்ட வேண்டிய உழைப்பு. ஆனால் பட்டா என்பது யாருக்கு நிலம் இருந்தது என்று சொல்லுமே தவிர, யார் குடும்பத்தில் இருந்தார்கள் என்று சொல்லாது. நிலத்தின் வரலாற்றை எடுத்து வைத்துக்கொண்டு அதையே குடும்பத்தின் வரலாறு என்று சொன்னால், நிலம் இல்லாமல் போனவன் குடும்பத்திலேயே இல்லாமல் போய்விடுகிறான்.

இப்படி விடுபட்டவர்கள் மூன்று வகை. முதல் வகை, பெண்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு விவசாயக் குடும்பத்தில் பாதிப் பேர் ஊர் மாறுகிறார்கள். நம் வீட்டுப் பெண் போகிறாள். வேறு வீட்டுப் பெண் வருகிறாள். போனவள் பெயர் அங்கே எழுதப்படுவதில்லை. வந்தவள் பெயர் இங்கே எழுதப்படுவதில்லை. இவ்வளவு பேரும் இடம் மாறிக்கொண்டிருக்கும்போது 'எவரும் அகன்றதில்லை' என்று எப்படி எழுதுகிறோம்? பெண்கள் 'எவரும்' என்ற சொல்லுக்குள் அடங்கமாட்டார்களா? தமிழ்நாட்டில் 1989-இல் பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது. அதற்கு முன் கல்யாணமான பெண்களுக்கு மட்டும் இல்லை என்றார்கள். பிறகு 2005-இல் மத்திய சட்டம் மாறியது. சட்டங்கூட மெள்ள மெள்ளப் பெண்களைக் குடும்பத்துக்குள் சேர்த்துக்கொண்டு வருகிறது. அண்ணனுடைய வம்சாவளியில் என் அத்தைகள் மூவரும் இல்லை. அவர்களில் ஒருத்தி இன்னும் உயிரோடு இருக்கிறாள். பொங்கலுக்குப் பொங்கல் அண்ணன் வீட்டுக்குக் கரும்பு அனுப்புகிறாள்.

இரண்டாவது வகை, எங்கள் வயலில் உழுதவர்கள். இவர்களைப் பற்றிப் பேசும்போதுதான் 'மண்ணை விட்டு நகராதவன்' என்ற புகழ்ச்சியின் விஷம் புரிகிறது. வாஸ்தவத்தில் கிராமத்தில் நகராமல் இருந்தவர்கள் உண்டு. யார் அவர்கள்? பண்ணையாள்கள். மண்ணின் மேல் ஆசையாலா நகரவில்லை? கல்யாணத்துக்கு வாங்கிய கடன், சாவுக்கு வாங்கிய கடன், அப்பன் வாங்கி மகன் தலையில் விழுந்த கடன் அவர்களைக் கட்டிப் போட்டிருந்தது. அடிமை முறைக்குச் சட்ட பலம் கிடையாது என்று 1843-இலேயே சட்டம் செய்தார்கள். அதற்குப் பிறகு 133 வருஷம் கழித்து, 1976-இல், கொத்தடிமை முறையை ஒழிக்க இன்னொரு சட்டம் செய்ய வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் அந்த மனிதர்கள் நகரவில்லை என்பது நம் இலக்கியத்தில் மண் பாசம்! அவர்களுக்கு ஊரை விட்டுப் போவதுதான் விடுதலையாக இருந்தது. எங்கள் கிணற்றை வெட்டியவர்களின் பேரன் இன்று மதுரையில் சொந்தமாக ஒரு பட்டறை வைத்திருக்கிறான். "ஊருக்கு வரலையா?" என்று ஒருமுறை கேட்டேன். "எதுக்குங்க?" என்று திருப்பிக் கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என் நாவல்கள் எதிலும் ஒரு வரி இல்லை.

மூன்றாவது வகை, பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்டவர்கள். கண்டிக்குப் போனவர்கள், மலேயாவுக்குப் போனவர்கள், பர்மாவுக்குப் போய் 1942-இல் காடும் மலையும் நடந்தே திரும்பியவர்கள். இவர்களைக் குடும்பக் கதையிலிருந்து நீக்கியதன் பலன் வெறும் ஏட்டுப் பிழையோடு நிற்கவில்லை. அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

1948-இல் இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். மொத்தம் 9,75,000 பேர். அவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ள வேண்டும், 3,00,000 பேரை இலங்கை எடுத்துக்கொள்ள வேண்டும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று மூட்டை பிரிப்பது போலப் பிரித்தார்கள். அந்த மனிதர்களை யாரும் கேட்கவில்லை. 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் கொடுத்துக் கப்பல் ஏற்றினார்கள். பார்த்தறியாத தாயகத்துக்கு எப்படித் திரும்புவது? பாட்டனும் பாட்டியும் சொன்ன ஓர் ஊர்ப் பெயர், ஒரு கண்மாய், ஒரு சாமி. அவ்வளவுதான் அவர்கள் கையில் இருந்த விலாசம்.

1970-களில் ஒரு நாள் அப்படி ஒரு விலாசம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தது. அறுபது வயதை நெருங்கிய ஒரு பெண். முதலில் கமுதிப் பக்கம் போய் விசாரித்திருக்கிறாள். அங்கே யாரோ, "அந்தக் குடும்பம் மேலூர்ப் பக்கம் போயி ரொம்ப காலமாச்சு" என்று சொல்லியிருக்கிறார்கள். விசாரித்துக்கொண்டே வந்துவிட்டாள். என் தாத்தாவைப் பார்த்து, "அண்ணே" என்றாள்.

தாத்தா, "நீ யாரும்மா?" என்று கேட்டார். அவள் தன் பாட்டன் பெயரைச் சொன்னாள். கண்மாய்க் கரை அய்யனாரைச் சொன்னாள். "நம்ம வீட்டுக்காரங்க மட்டும் குதிரைவாலியிலேதானே அய்யனாருக்குப் பொங்கல் வைப்போம்? மலையிலே குதிரைவாலிக்கு எங்கே போக? அரிசியிலே வச்சிட்டு, மன்னிச்சிக்கய்யான்னு கும்பிடுவோம்" என்றாள்.

இதைவிடப் பெரிய ஆதாரத்தை எந்தப் பதிவு அலுவலகம் தரும்? குதிரைவாலிப் பொங்கல் எங்கள் வீட்டார் தவிர வேறு யாருக்கும் தெரியாத சங்கதி.

தாத்தா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க குடும்பத்திலே யாரும் கண்டிக்குப் போனதில்லை" என்றார்.

அவர் கெட்டவர் அல்ல. பயந்தவர். நிலத்தில் பங்கு கேட்டு விடுவாளோ என்று பயம். கூலிக்குப் போன சொந்தம் என்றால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் முகம் சுளிப்பார்களோ என்று பயம். பிழைப்பே அந்த முன்பணத்தால் வந்தது என்பதை அவர் அறிவார். அவருடைய தாயே சொல்லியிருக்கிறாள். உள்ளே அடுப்படியில் நின்றுகொண்டிருந்த அப்பத்தாவும் அறிவாள். அப்பத்தா ஒன்றும் பேசவில்லை. கொல்லைப் பக்கமாகப் போய், நாலு படி அரிசியைத் துணியில் கட்டி அவளிடம் கொடுத்தாள். அந்தப் பெண் அழவில்லையாம். "கூடலூரிலே தேயிலைத் தோட்டத்தில் வேலை தர்றாங்களாம், போறேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் 1968 முதல் தேயிலை பயிரிட்டு வந்தது. நூறு வருஷம் கழித்துச் சொந்த நாட்டுக்கு வந்தவள் மறுபடியும் தேயிலைக் கூடையைத்தான் சுமக்கப் போனாள். அப்பத்தா சாகும்வரை இதைச் சொல்லிச் சொல்லி வருந்தினாள்.

இப்போது சொல்லுங்கள். 'எங்கள் முன்னோர்களில் எவரும் பிறந்த மண்ணை விட்டு அகன்றதில்லை' என்று அச்சடித்தால், அது வெறும் அலங்கார வாக்கியமா? தாத்தா திண்ணையில் உட்கார்ந்து சொன்ன அதே பொய்யை, எழுத்துத் திருத்தி, அட்டை போட்டு, மறுமுறை சொல்வது அல்லவா? அந்தப் பெண்ணை இரண்டாம் தடவையும் வாசலில் நிறுத்தி அனுப்புவது அல்லவா?

அண்ணன் ஒரு வாதம் சொன்னார். "குடும்ப விஷயத்தைச் சந்தியிலே வைக்கிறதா? பிள்ளைகளுக்கு ஒரு பெருமை வேண்டாமா?"

வேண்டும். ஆனால் எது பெருமை? அண்ணனுடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவருடைய மகன் அமெரிக்காவில் இருப்பது வண்ணப் படத்துடன் இடம் பெற்றிருக்கிறது. முதல் பக்கத்தில் எவரும் மண்ணை விட்டு அகன்றதில்லை. கடைசிப் பக்கத்தில் அமெரிக்கா! நான் அவரிடம் கேட்டேன்: "அண்ணே, அமெரிக்காவுக்குப் போனது பெருமை, கண்டிக்குப் போனது மட்டும் வெட்கமா? இவனாவது தனக்காகப் போனான். அவர் தன் அண்ணன் குடும்பத்துக்காகப் போனாரே!"

இன்னொரு வாதமும் உண்டு. இதைப் படிக்கும் சிலருக்கே தோன்றலாம். எல்லோரும் ஊர் ஊராகப் போனவர்கள் என்று சொல்லிவிட்டால் நிலத்தின் மேல் பற்று குறைந்துவிடாதா என்பது. குறையாது. கி. ராஜநாராயணன் 1976-இல் வெளியிட்ட 'கோபல்ல கிராம'த்தைப் படித்தவர்களுக்கு இது தெரியும். தெலுங்குச் சீமையிலிருந்து ஓடி வந்தவர்கள் கரிசல் காட்டை வெட்டித் திருத்தி ஊராக்கிய கதை அது. வந்தேறியவர்கள் என்று ஒப்புக்கொண்டதால் அந்த ஜனங்களுக்குக் கரிசல் மேல் பாசம் குறைந்தா போயிற்று? நடந்து வந்து சேர்ந்தவனுக்குத்தான் மண்ணின் அருமை தெரியும். ஆயிரம் வருஷம் என்று பொய் சொல்கிறவனுக்கு ஐந்து ஏக்கரை மனைக்கட்டாகப் பிரித்து விற்கக் கை கூசுவதில்லை; எங்கள் பூட்டன் நிலத்தில் பாதி அப்படித்தான் போயிற்று.

1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். அதில் ஏற்பட்ட பெயர்ப் பிழைகளைத் திருத்துவதற்காக ஜனங்கள் இன்றைக்கும் நடையாய் நடக்கிறார்கள். பட்டாவில் ஓர் எழுத்து மாறினால் நமக்குத் தூக்கம் வருவதில்லை. குடும்பத்தில் ஒரு கிளையையே விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம்.

இதையெல்லாம் சொன்னபோது அண்ணன், "அப்பத்தா வயசான காலத்திலே எதையாவது சொல்லியிருக்கும். அதை நம்பி எழுத முடியுமா?" என்று கேட்டார்.

அப்போதுதான், சொல்லாமலே விட்டுவிடலாம் என்று நினைத்திருந்ததை நான் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பெண் திண்ணையோரத்தில் நின்றபோது, எட்டு வயதுப் பையன் ஒருவன் உள்ளே ஓடிச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான் என்று அப்பத்தா சொல்லியிருக்கிறாள். அந்த வயதில் அப்போது எங்கள் வீட்டில் இருந்த பையன் ஒருவன்தான்.

"உங்களுக்கு ஞாபகம் இல்லையா, அண்ணே?" என்று கேட்டேன்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். காப்பியைக்கூடக் குடிக்கவில்லை.

புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று கேள்விப்படுகிறேன். போன மாதம் அண்ணன் கூடலூர்ப் பக்கம் போய் வந்ததாக அண்ணி போனில் சொன்னாள். எதற்கென்று அவளுக்குத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. முன்னுரை எழுத நான் தயாராகத்தான் இருக்கிறேன். முதல் வாக்கியம் மாறட்டும்.